சுழிப்பிழை பார்க்கத் தெரிந்தவர்கள்



இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல் என்று ஏதோ ஓர் அறிவியல் பட்டம் பெற்றுவிட்டு மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. படித்த மூன்று வருஷமும் வீண், முதலிலேயே பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருக்கலாம் என்பது ஒன்று. எதைப் படித்திருந்தால் என்ன, ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றை முடித்தால் வேலை கிடைத்துவிடும் என்பது மற்றொன்று. முன்னவர் வருத்தப்பட்டுச் சொல்கிறார், பின்னவர் தைரியம் சொல்கிறார். ஆனால் அறிவியல் படிப்புக்கும் மென்பொருள் தொழிலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதை இருவருமே ஒப்புக்கொண்டுதான் பேசுகிறார்கள். அந்த அனுமானம் தவறு என்பதே இன்றைய என் வாதம். ஆய்வகத்தில் ஒழுங்காக வேலை பார்த்த மாணவருக்குத் தன் கையால் எடுத்த அளவீட்டையே சந்தேகிக்கும் பழக்கம் வந்திருக்கும். மென்பொருள் தொழிலில் எப்போதும் தட்டுப்பாட்டில் இருப்பது அந்தப் பழக்கம்தான். அறிவியல் பின்புலம் உள்ளவர் தன் தொழில் வாழ்க்கையை அதன் மேல் கட்டிக்கொள்ள வேண்டும். பட்டத்தை மறைத்துக்கொண்டு 'நானும் இன்ஜினியர் மாதிரிதான்' என்று காட்டிக்கொள்வதால் அவருக்கும் பயனில்லை, தொழிலுக்கும் பயனில்லை.

இதற்குச் சான்றாக வரலாற்றைக் காட்டுவது எளிது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கி 1957-இல் வெளியிட்ட குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ் கணிதம் படித்தவர். மார்கரெட் டேஹாஃப் வேதியியலர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்தபோதே, கணக்கு வழக்குக்காக இருந்த துளை அட்டை எந்திரங்களை மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிடப் பயன்படுத்தினார். பிறகு புரதங்களின் அமினோ அமில வரிசையைக் கணினியில் ஒப்பிடுவதற்கு வழி செய்தார். 1965-இல் அவர் குழு வெளியிட்ட புரத வரிசைத் தொகுப்பில் 65 புரதங்கள் இருந்தன. இன்றைய உயிரித் தகவலியல் என்னும் துறையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. உலகளாவிய வலையை 1989 மார்ச்சில் செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்த டிம் பெர்னர்ஸ்-லீ ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தவர். ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மட்டும் எதையும் நிறுவிவிட முடியாது. பேக்கஸும் டேஹாஃபும் படித்த காலத்தில் கணினி அறிவியல் என்று ஒரு பட்டமே கிடையாது. அன்று நிரல் எழுத வந்தவர்கள் வேறு ஏதாவது படித்துவிட்டுத்தான் வந்தாக வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் நடந்ததைத் தகுதிக்குச் சான்றாகக் காட்டுவது நியாயமாகாது.

ஆகவே கணினி அறிவியல் பட்டதாரிகள் உலகமெங்கும் நிறைந்துவிட்ட ஒரு காலத்தை எடுத்துப் பார்ப்போம். 2001-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் துகள் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த ஃபெர்னாண்டோ பெரெஸ், பைதான் மொழியில் ஒரு வரி எழுதி உடனே அதன் விடையைப் பார்த்துப் பார்த்து முன்னேறும்படி ஐபைதான் என்ற கருவியைத் தன் வசதிக்காக எழுதினார். அதிலிருந்து கிளைத்ததுதான் இன்று தரவு அறிவியல் வகுப்புகளில் எல்லாம் திறந்திருக்கும் ஜூபிட்டர். நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைப் பதிவுகளைத் திரையில் வரைந்து பார்க்க வேண்டியிருந்ததால் மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தை எழுதி 2003-இல் வெளியிட்டார். மேயோ கிளினிக்கில் மருத்துவப் படிமங்களை ஆராய்ந்த டிராவிஸ் ஒலிஃபன்ட், அதற்கு முன் பிரிந்து கிடந்த இரண்டு நிரல் தொகுப்புகளை ஒன்றாக்கி நம்பை என்று 2006-இல் நிலைப்படுத்தினார். 2019 ஏப்ரல் 10 அன்று உலகம் பார்த்த கருந்துளைப் படத்தைக் கணித்த நிரல்களுக்கு அடியில் இருந்தவை இவைதாம். நம்மவர்களிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒளிவேதியியல் ஆய்வாளராக இருந்த கே. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார்; 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் கொண்டுவரும் பணிக்கு வித்திட்டார். இவர்களில் எவரும் மென்பொருள்காரர் ஆக வேண்டும் என்று திட்டமிட்டு வந்தவர்கள் அல்லர். கையில் இருந்த வேலைக்கு வேண்டிய கருவி கிடைக்காததால் தாங்களே செய்துகொண்டார்கள்.

இவர்கள் எல்லாம் அசாதாரணமானவர்கள், நம் ஊர்க் கல்லூரி மாணவருக்கு இவர்கள் கதை எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கேள்வி சரியானது. ஆகவே ஆட்களை விட்டுவிட்டு, அவர்கள் ஆய்வகத்திலிருந்து கணினிக்கு எதைக் கொண்டுவந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு 1961-இல் நடந்த ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பது உதவும். எம்.ஐ.டி.யில் வானிலையியலாளர் எட்வர்ட் லொரென்ஸ், எல்.ஜி.பி.-30 என்ற சிறிய கணினியில் பன்னிரண்டு மாறிகள் கொண்ட ஒரு வானிலை மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பகுதியை மறுபடியும் ஓட்டிப் பார்க்க விரும்பி, முன்பு அச்சாகியிருந்த தாளைப் பார்த்து எண்களைத் தட்டச்சு செய்துவிட்டு காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் புதிய வானிலை பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ஒரு கட்டத்துக்குப் பிறகு இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருந்தது. முதலில் அவர் சந்தேகித்தது எந்திரத்தை. வெற்றிடக் குழாய் ஒன்று பழுதாகியிருக்கலாம் என்று நினைத்தார். ஆனால் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுவதற்கு முன், வேறுபாடு எந்த வரியில் தொடங்குகிறது என்று தேடினார். எந்திரத்தின் உள்ளே 0.506127 என்று இருந்த எண் தாளில் 0.506 என்று சுருக்கமாக அச்சாகியிருந்தது. அவர் தட்டியது சுருங்கிய எண்ணை. அந்தச் சிறு துணுக்குதான் இரண்டு மாத வானிலையைப் புரட்டிப் போட்டிருந்தது. 1963-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளைத்தது பெரிய அறிவியல். நம் பேச்சுக்கு வேண்டியது அது அன்று. இரண்டு விடைகள் ஒத்துப்போகவில்லை என்றதும் 'திரும்ப ஓட்டினால் சரியாகிவிடும்' என்று அவர் நகர்ந்து போகவில்லை. ஒத்துப்போகாததை ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு அதன் தொடக்கத்தைத் தேடினார். நல்ல நிரலாளர் நிரலில் உள்ள ஒரு பிழையைத் தேடுவதும் அப்படித்தான்.

இந்தப் பழக்கத்தின் அரிச்சுவடி நம் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது. வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் பொருளை அளக்கக் கூடாது. தாடைகளை ஒட்டவைத்துச் சுழிப்பிழை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மீச்சிற்றளவு எவ்வளவு என்று எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் துல்லியம் இருப்பதாக விடையில் காட்டக் கூடாது. தரம் பார்க்கும்போது பியூரெட்டின் அளவு ஒருமுறை வந்ததோடு நிறுத்துவதில்லை. அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஒத்து வரும்வரை செய்கிறோம். ஆய்வுக்குரிய பொருளைச் சேர்க்காமலே ஒருமுறை தரம் பார்த்து, கரைசலும் குடுவையும் தம் பங்குக்கு எவ்வளவு காட்டுகின்றன என்று கண்டுபிடித்துக் கழிக்கிறோம். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அலகு எழுதாவிட்டால் மதிப்பெண் போகும். இவற்றை மென்பொருளுக்குப் பெயர்த்துப் பாருங்கள். ஒன்றும் உள்ளிடாமல் நிரலை ஓட்டினால் என்ன வருகிறது? விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்தால் அதே விடை வருகிறதா? இரண்டு வெவ்வேறு வழியில் கணக்கிட்டால் ஒத்து வருகிறதா? இந்த எண் எந்த அலகில் வந்தது, எந்த அலகில் போகிறது? டெஸ்டிங் என்ற பெயரில் ஐ.டி. கம்பெனிகள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மெனக்கெடுவது ஏறக்குறைய இதையேதான். கருவியை நம்புவதற்கு முன் கருவியைச் சோதிக்க வேண்டும் என்பது வேதியியல் மாணவருக்குப் பழகிப்போன பாடம். நிரலும் ஒரு கருவி என்று அவருக்கு எடுத்துச் சொன்னால் மீதியை அவரே பிடித்துக்கொள்வார்.

இந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க் கோளை அடைந்த நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்து போனது. தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று உந்துவிசையின் தாக்கத்தைப் பவுண்டு-விநாடி அலகில் எழுதித் தந்தது. அதை வாங்கிக்கொண்ட மென்பொருள் நியூட்டன்-விநாடி என்று எண்ணிக்கொண்டது. ஒன்றுக்கு மற்றொன்று ஏறக்குறைய 4.45 மடங்கு. விண்கலம் போகும் பாதை கணக்கோடு சரியாகப் பொருந்தவில்லை என்பதை வழிநடத்தும் குழுவில் சிலர் பயணத்தின்போதே கவனித்திருந்தார்கள் என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துவது. அந்தக் கவலை முறைப்படி பதிவாகி விசாரிக்கப்படவில்லை. மற்றொன்று 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணை அமைப்பு வந்துகொண்டிருந்த ஏவுகணையைத் தவறவிட்டதில் 28 அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டார்கள். அந்த அமைப்பு நேரத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணி வந்தது. பத்தில் ஒன்று என்ற பின்னம் இரும எண்முறையில் முடிவில்லாமல் நீள்வது. 24 இலக்கத்தோடு அதை வெட்டியதால் ஒவ்வொரு முறையும் ஒரு துளி குறைந்தது. நூறு மணி நேரத்துக்கு மேல் அணைக்காமல் ஓடியதில் அந்தத் துளிகள் சேர்ந்து 0.34 விநாடி ஆகிவிட்டது. அந்த நேரத்தில் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது. இந்த இரண்டிலும் தவறிப்போனது நிரல் மொழியின் இலக்கணமன்று. ஒன்றில் அலகு, மற்றதில் தொடர்ந்து சேரும் பிழை. இரண்டும் பி.எஸ்சி. இயற்பியலின் முதல் பருவப் பாடங்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விண்கலமும் ஏவுகணையும் எத்தனை பேருக்கு வாய்க்கும்? சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் வேலை என்றால் வங்கிக் கணக்கு, காப்பீட்டுப் படிவம், கடைச் சரக்கு, மருத்துவமனை ரசீது. இதில் அறிவியலுக்கு என்ன வேலை? கேள்வியின் முதல் பாதியை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். குவாண்டம் இயங்கியலை நினைவில் வைத்திருப்பதால் ரசீது அடிக்கும் நிரல் நன்றாக வந்துவிடப் போவதில்லை. ஆனால் பைதானைத் திறந்து 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லுங்கள், 0.30000000000000004 என்று விடை வரும். பேட்ரியட் அமைப்பில் இருந்த அதே பத்தில் ஒன்றுதான் இங்கேயும் இருக்கிறது. வட்டிக் கணக்கில் பைசாவை எந்தக் கட்டத்தில் முழுமையாக்குவது, பெங்களூரில் பதிவான நேரத்தை லண்டனில் இருப்பவருக்கு எப்படிக் காட்டுவது, எடை கிலோவிலா கிராமிலா என்று பெட்டிக்கு வெளியே எழுதாமல் விட்டால் செவிலியர் எதை நிரப்புவார் என்பவையெல்லாம் சாதாரண வேலையில் அன்றாடம் வரும் அளவீட்டுச் சிக்கல்கள். விரிதாளைப் போல எளிய ஒன்று உண்டா? 'மார்ச்1', 'செப்ட்2' என்பது போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் தானாகவே தேதிகளாக மாற்றி வந்தது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவைக்க வேண்டியதாயிற்று. சாதாரண மென்பொருள் என்பதால் அதன் பிழையும் சாதாரணமாக இருந்துவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்த எடுத்துக்காட்டே அடுத்த மறுப்புக்கும் வழிவிடுகிறது. எக்செல்லில் ஏமாந்தவர்கள் அறிவியலாளர்கள்தானே? அறிவியலாளர் எழுதும் நிரல் மோசமாக இருக்கும் என்பது மென்பொருள் உலகில் பலரும் சொல்லும் குறை; அதில் உண்மை நிறைய இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு குழு, உயிரணுச் சவ்வில் உள்ள புரதங்களின் அமைப்பைப் பற்றி எழுதிய 5 ஆய்வுக் கட்டுரைகளை 2006 டிசம்பர் தொடங்கித் திரும்பப் பெற வேண்டி வந்தது. தரவைப் பதப்படுத்திய சொந்த நிரல் ஒன்று இரண்டு பத்திகளை இடம் மாற்றிவிட்டிருந்தது. அதனால் புரதத்தின் அமைப்பு கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திரும்பிவிட்டது. வேறொரு குழு அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்தின் அமைப்பை வெளியிட்டு, அது முற்றிலும் வேறாக இருந்த பிறகுதான் தவறு தெரிந்தது. பல ஆண்டுகளாக மற்றவர்கள் அந்தக் கட்டுரைகளை நம்பித் தங்கள் ஆய்வை வகுத்திருந்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: படிகத்தை வளர்ப்பதிலும் எக்ஸ் கதிர் பாய்ச்சுவதிலும் அத்தனை கவனமாக இருக்கும் ஆய்வகம், நிரலை மட்டும் சோதிக்க வேண்டிய கருவியாகக் கருதாமல் விட்டது. சந்தேகிக்கும் பழக்கம் கணினியின் வாசலில் நின்றுவிட்டது. ஆகவே அறிவியல் பட்டம் மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. மென்பொருள் தொழில் தன் அனுபவத்தில் கண்டெடுத்த ஒழுங்குகள் இருக்கின்றன: ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட், ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதிப்பது, எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பது, பிறருக்குப் புரியும்படி பெயர் வைப்பது. இவற்றை அறிவியலாளர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே கிரெக் வில்சன் முதலியோர் 1998-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். இந்த ஒழுங்குகளைக் கற்காமல் அறிவியல் பட்டதாரி மென்பொருளுக்கு வந்தால் அவர்மேல் வைக்கும் குறை நியாயமானதாகிவிடும்.

இதுவரை சொன்னவற்றைவிடக் கடுமையான மறுப்பு ஒன்றை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். நம் பி.எஸ்சி. படிப்பு சந்தேகிக்கும் இந்தப் பழக்கத்தை உண்மையில் தருகிறதா? தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று மாணவருக்கு முன்பே தெரியும். ஊசல் இருபது முறை ஆட எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்ப்பதற்குப் பதில், 9.8-இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை நிரப்பிவிடுவது பல கல்லூரிகளில் எல்லோரும் அறிந்த வழக்கம். பக்கத்து மேசையில் 'எத்தனை மில்லி வந்தது?' என்று கேட்டு எழுதிய அளவும், சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய அட்டவணையும் கையெழுத்தோடு பீரோவுக்குள் போகின்றன. மாறுபட்ட விடையை நேர்மையாக எழுதியவருக்கு மதிப்பெண் குறைகிறது, இட்டுக்கட்டியவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. இந்த வழக்கத்துக்கு மென்பொருளில் நேர் இணை ஒன்று உண்டு: நிரலை ஓட்டி, அது தந்த விடையையே எடுத்து, 'வர வேண்டிய விடை' என்று சோதனையில் ஒட்டிவைப்பது. சோதனை எப்போதும் பச்சை விளக்குக் காட்டும், எதையும் சோதித்திருக்காது. ரெக்கார்டு நோட்டில் கற்றுக்கொண்ட ஏமாற்று அப்படியே வேலைக்கும் வந்துவிடுகிறது. ஆகவே பட்டம் பெற்றதாலேயே ஒருவருக்கு இந்தத் தகுதி வந்துவிடுவதில்லை. ஆய்வகத்தில் நேர்மையாக நின்றவருக்குத்தான் வரும். அப்படி நிற்க வாய்ப்பில்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் குற்றம் அன்று. அவர்கள் இழந்ததைக் கணினியிலேயே மீட்டுக்கொள்ளலாம். வீட்டு மின்கட்டண அட்டைகளையோ ஊரின் மழையளவுப் பதிவுகளையோ எடுத்துக்கொண்டு, தன் கணிப்பு எங்கே பொய்க்கிறது என்று எழுதிவைக்கும் ஒரு சிறு நிரல் அதற்குப் போதுமான தொடக்கம்.

தொழிலை எப்படிக் கட்டுவது என்ற நடைமுறைக்கு வருவோம். அறிவியல் பட்டதாரி செய்யும் பெரிய தவறு, தன் துறையை முற்றாகக் கைவிட்டுவிட்டு, எல்லோரும் நிற்கும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்வது. அவர் துறையையும் நிரலையும் ஒருங்கே கேட்கும் வேலைகள் இருக்கின்றன. மருந்துச் சோதனைத் தரவு அவற்றில் ஒன்று. புதிய மருந்தை மனிதர்களிடம் சோதித்துக் கிடைக்கும் தரவை அட்டவணைகளாக்கி அரசு ஒழுங்குமுறை அமைப்புகளுக்குச் சமர்ப்பிக்கும் பணி சென்னை, பெங்களூர், ஹைதராபாத் நகரங்களில் நடக்கிறது. சாஸ், ஆர் ஆகிய மொழிகளில் நிரல் எழுதும் இந்த வேலைக்குப் புள்ளியியல், மருந்தியல், உயிர் அறிவியல் படித்தவர்கள் போகிறார்கள். அங்கே 'டபுள் புரோகிராமிங்' என்று ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான அட்டவணையை ஒருவர் நிரல் எழுதி உண்டாக்குவார்; இன்னொருவர் முதலாமவர் எழுதியதைப் பார்க்காமலே, அதே விவரக் குறிப்பை வைத்துக்கொண்டு தானும் ஒரு நிரல் எழுதுவார். இரண்டு விடைகளும் ஒவ்வோர் எண்ணிலும் ஒத்தால்தான் அட்டவணை வெளியே போகும். பியூரெட்டின் ஒத்த அளவு தேடியவருக்கு இது புதிய உலகமாகத் தோன்றாது. இதுபோலவே தொலையுணர்வும் வரைபடத் தரவும் புவியியல், இயற்பியல் மாணவர்களை ஏற்கும். ஆய்வகக் கருவிகளை இயக்கும் மென்பொருள் மின்னணுவியலும் வேதியியலும் தெரிந்தவரைத் தேடும். மரபணுத் தரவு உயிரியல் படித்தவரைக் கேட்கும். ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்று 2012-இல் பிரிட்டனில் ஒரு பணிக்குப் பெயரிட்டு, அதற்குத் தனிப் பதவிகளை உண்டாக்கினார்கள். நம் ஆய்வு நிறுவனங்களில் இந்த வேலை இன்னமும் பெரும்பாலும் தற்காலிகத் திட்டப் பணியாளர் தலையிலேயே விழுகிறது. அது மாற வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து அழுத்தமாகவே கேட்கிறேன்.

சந்தை இந்த வாதத்தையெல்லாம் கேட்டுக்கொண்டா ஆள் எடுக்கிறது என்று கேட்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஐ.டி. கம்பெனிகள் அறிவியல் பட்டதாரிகளை எடுப்பது புதிதல்ல. விப்ரோ 1995-இலேயே பி.எஸ்சி. படித்தவர்களை எடுத்து, பிட்ஸ் பிலானியோடு சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டே முதுகலை முடிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. டி.சி.எஸ். நிறுவனம் சென்னையில் இக்னைட் என்ற பெயரில் அறிவியல் பட்டதாரிகளுக்கென்று தனிப் பயிற்சி நடத்தியது. ஒரு தலைமுறை முழுவதற்கும் எம்.சி.ஏ. படிப்பு பாலமாக இருந்தது. மூன்றாண்டாக இருந்த அது இப்போது இரண்டாண்டாகிவிட்டது. ஆனால் வாசல் திறந்திருந்தாலும் சம்பளம் ஒன்றாக இருப்பதில்லை. பி.இ. படித்தவருக்கு ஒரு தொகை, பக்கத்து நாற்காலியில் அதே வேலையைச் செய்யும் பி.எஸ்சி.க்காரருக்குக் குறைந்த தொகை என்பது இந்தத் தொழிலில் ஊறிப்போன வழக்கம். அது அநீதி. அறிவியல் பட்டதாரியைச் சிக்கனத்துக்காக எடுக்கும் நிறுவனம், அவரிடம் உள்ள தனித் திறனைக் கேட்டு வாங்காமலே விட்டுவிடுகிறது. இதை ஒரே நாளில் மாற்ற மாணவரால் முடியாது. நேர்காணலில் தன் பட்டத்தைப் பற்றிக் கேட்கும்போது மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசாமல், தான் செய்த ஒரு சோதனையில் எது ஒத்துப்போகவில்லை, அதைத் தேடி எங்கே போனேன் என்று இரண்டு நிமிடம் சொல்ல அவரால் முடியும். அவரை எடைபோட அந்த இரண்டு நிமிடமே போதும் என்று உணரும் மேலாளர்களும் இருக்கிறார்கள்.

இப்படி எல்லோரும் மென்பொருளுக்குப் போய்விட்டால் அறிவியல் என்னாவது என்ற கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மக்கள் வரிப்பணத்தில் அரசுக் கல்லூரியில் இயற்பியல் படித்த ஒருவர் காப்பீட்டு நிரல் எழுதுவதில் ஒரு நஷ்டம் இருக்கத்தான் செய்கிறது. இல்லை என்று வாதாட மாட்டேன். ஆராய்ச்சியில் ஆசையும் திறமையும் உள்ள ஒரு மாணவி குடும்பச் சூழ்நிலையால் இருபது வயதில் சம்பளத்துக்கு ஓட வேண்டியிருப்பது நம் சமூகம் அவருக்குச் செய்யும் தவறு. அதற்குத் தீர்வு உதவித்தொகையும் ஆய்வுப் பதவிகளும்தான். ஆனால் ஆய்வுப் பணியிடங்கள் குறைவு, பட்டம் பெறுவோர் மிகப் பலர் என்பது கண்ணெதிரே உள்ள நிலை. மற்றவர்கள் எங்கோ போகத்தான் வேண்டும். அறிவியலைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகிறார்களா, கையோடு எடுத்துக்கொண்டு போகிறார்களா என்பதில்தான் நாம் தலையிட முடியும்.

கடைசியாக, இன்று மாணவர்கள் மனத்தில் உள்ள பெரிய அச்சம். 2021-இல் கோபைலட், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்று வந்து, நிரலை எந்திரமே எழுதத் தொடங்கிவிட்டது. தொடக்கநிலை வேலைகள் குறையும்போது பி.எஸ்சி.க்காரர் எங்கே நுழைவார்? நுழைவாயில் குறுகுவது உண்மையே; இதை மறைத்துத் தைரியம் சொல்வது பொறுப்பற்ற செயல். எழுதித் தள்ளும் வேகத்தை மட்டுமே முதலாக வைத்திருந்தவர்களுக்கு இது கஷ்டகாலம். ஆனால் இந்த எந்திரங்கள் தரும் நிரல் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், ஓடும், விடையும் தரும். விடை சரியா என்பதை மட்டும் அவை உறுதி சொல்லாது. வெளித்தோற்றத்தில் குறையில்லாத விடையைச் சந்தேகிப்பதுதான் கடினமான வேலை. ஸ்க்ரிப்ஸ் ஆய்வாளர்களின் நிரலும் ஓடியது, படமும் அழகாகவே வந்தது. எழுதுவதற்கான உழைப்பு மலிவாக மலிவாக, சரிபார்ப்பதற்கான உழைப்பின் மதிப்பு ஏறும் என்பது என் கணிப்பு. கணிப்புதான், பொய்த்தும் போகலாம். ஆனால் இருபது வயது மாணவர் எதன்மேல் தன் எதிர்காலத்தைப் பந்தயம் வைப்பது என்று கேட்டால், ஒரு குறிப்பிட்ட நிரல் மொழியைவிட இந்தப் பழக்கத்தின்மேல் வைக்கச் சொல்வேன். மொழிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன.

இதில் கல்லூரிகள் செய்யக்கூடியது என்ன என்று சொல்லி முடிக்கிறேன். புதிய கட்டடமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. இயற்பியல் ஆய்வகத்துக்கும் கம்ப்யூட்டர் ஆய்வகத்துக்கும் இடையே இருக்கும் சுவரை வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டும் தளர்த்தினால் போதும். தனி ஊசலையே எடுத்துக்கொள்ளலாம். மாணவர் தாம் எடுத்த நேரங்களை ஒரு கோப்பில் பதியட்டும்; சரியாக வராத அளவீட்டையும் அடிக்காமல் பதியட்டும். அதிலிருந்து முடுக்கத்தையும் அதன் பிழை வரம்பையும் கணக்கிடும் நிரல் ஒன்றை அவர் எழுதட்டும். அதே கோப்பை வைத்துக்கொண்டு இன்னொரு மாணவர் முன்னவர் நிரலைப் பார்க்காமல் தனியே எழுதட்டும். 9.8-க்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். இரண்டு விடைகளும் எங்கே, ஏன் வேறுபட்டன என்று இருவரும் சேர்ந்து ஒரு பக்கம் எழுதித் தரட்டும். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகே ஆசிரியர் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்திடட்டும்.